பட்டினப்பாக்கத்தில் ஒரு பட்டினி

விளையாட்டு ஊட்டச்சத்து முதுகலையில் இந்த வருடம் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. வீரர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்ற வகுப்பு தொடங்கும் அன்று, மேடம் உங்களுக்கு ஒரு சொல்லைச் சொல்லித் தருவார். மேடம் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சொல் அவர் வாயில் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அது இந்தத் துறைக்குள் நுழைந்ததற்கு நான்தான் காரணம்.

படிப்பு முடித்துப் போகிறவர்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்னோடு படித்தவர்கள் புரதத்தைப் பற்றியும், வெயிலில் ஓடுகிறவர்களுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பதைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு சொல்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறித்தான் கல்லூரிக்கு வருவேன். அப்பா வடபழனிக் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவர். பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், “சாப்பாட்டுக்குப் படிக்கிறான்” என்பார்.

“அதுக்கு இன்னாத்துக்குப்பா படிப்பு? எலைய போட்டா குந்த வேண்டியதுதானே?” என்பார் கேட்டவர்.

அப்பாவுக்கே அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. மேல்மாடி நண்பன் ஒருவன் இன்னும் தெளிவாகச் சொன்னான். “மச்சி, ரெண்டு வருசம் படிச்சிட்டு கடைசில சொரக்கா துன்னுன்னு சொல்லப்போற. அத்த எங்கம்மா காசு வாங்காமயே சொல்லிகினு கீது.”

சேர்க்கைக்கான நேர்காணலில் ஒரு கேள்வி சரியாகக் காதில் விழாமல், “இன்னா மேடம் கேட்டீங்க?” என்று சொல்லிவிட்டேன். அறையின் மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்று இரவே என் வாயைச் சலவைக்குப் போட்டேன். இன்னா போய் ‘என்ன’ வந்தது. கீது போய் ‘இருக்கிறது’ வந்தது. முதலில் விரட்டப்பட்ட சொல் ‘துன்னு’. வீட்டில் அம்மா, “துன்னியாடா?” என்று கேட்டால், “சாப்பிட்டேன் அம்மா” என்று திருத்திப் பதில் சொல்வேன். அம்மா அப்பாவைப் பார்த்து, “கலெக்டரு சாப்ட்டாராம்” என்பாள்.

இரண்டாம் வருடத்தில் என் தமிழ் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டைபோல் விறைப்பாகிவிட்டது. அந்த விறைப்போடுதான் என்னைத் தேனாம்பேட்டைக்கு அனுப்பினார்கள்.

உங்களில் சிலரையும் அங்கே அனுப்புவார்கள். அண்ணா சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கார் சீட் கவர் தைக்கும் கடை. அதன் மாடியில், தகரக் கூரைக்கடியில், குத்துச்சண்டைக் கூடம். கடையும் கூடமும் ஒருவருடையவையே. கரீம் பாய் பகலில் கீழே தைப்பார், காலையும் மாலையும் மேலே அடிக்கக் கற்றுக்கொடுப்பார். தொங்கும் மூட்டைகள்கூட மிச்சமான சீட் துணியில் அவரே தைத்தவை. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு காரின் சின்னம் இருக்கும்.

“வணக்கம். தங்கள் வீரர்களின் உணவுப் பழக்கம் குறித்துச் சில வினாக்கள் கேட்க விரும்புகிறேன்” என்றேன்.

பாய் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “கேமரா எங்க தம்பி? நியூஸ்தானே வாசிக்கிற?”

அங்கேதான் அமுலுவைப் பார்த்தேன். பட்டினப்பாக்கத்துப் பெண். அம்மா கன்னியம்மா கடற்கரையோரம் மீன் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்துநான்கு கிலோப் பிரிவு. மாநில அணிக்கான தேர்வு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. போன வருடத் தேர்வின்போது டெங்குவில் படுத்துவிட்டாள். அணியில் இடம் கிடைத்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப்போட முடியும். இந்த வருடமும் நழுவினால், மகள் கையில் குத்துச்சண்டை உறைக்குப் பதிலாக மீன் வெட்டும் கத்தியைக் கொடுத்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தார். அமுலுவுக்கு அந்தக் கத்தி பிடிக்காது.

நம் தொழிலில் முதல் வேலை, ஒருவர் முந்தைய நாள் முழுக்க என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவது. ரீகால் என்போம். நான் கேட்டேன்.

“நேற்று காலையில் என்ன சாப்பிட்டீங்க?”

“காலைலயா? ஒண்ணும் சாப்பிடல சார்.”

“பயிற்சிக்குப் பிறகு?”

“அப்பவும் சாப்பிடல.”

“மதியம்?”

“மதியானம் சாப்ட்டேன். கொஞ்சூண்டு சோறு, மீன் கொயம்பு.”

“இரவு?”

“நைட்டு சாப்பாடே கெடியாது சார். வுட்டு வருசம் ஆவுது. வெயிட்டு ஏறும்னு பாய் சொல்லிகீறாரு.”

பாய் பெருமையாகத் தலையாட்டினார்.

ஒரு முறை கேட்டதோடு விடக்கூடாது, வேறு ஏதாவது உண்டா என்று துருவிக் கேட்க வேண்டும் என்பது பாடம். நான் பாடத்தை மீறாதவன். “வேறு ஏதாவது சாப்பிட்டீங்களா? நடுவில் ஏதாவது சாப்பிட்டீங்களா? யோசித்துச் சொல்லுங்கள், எதுவுமே சாப்பிடவில்லையா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில் வந்தது.

கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை சோறு. இரண்டு வேளை குத்துச்சண்டைப் பயிற்சி. உடம்புக்கு வேண்டிய சக்தி கிடைக்காமலேயே உழைக்கிறவர்களுக்கு எலும்பு மெலியும், மாதவிடாய் நின்றுபோகும், ஒரு நாள் அப்படியே சரிந்து விழுவார்கள் என்று படித்திருக்கிறோம் இல்லையா? அந்த நோயாளி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏற்பட்டது கவலை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது புத்தகத்தில் மட்டும் பார்த்த பறவை ஜன்னலில் வந்து உட்கார்ந்ததுபோன்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் வரும். வந்தால் உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. பட்டினி கிடக்கிறவள் எழுந்துபோய் விட்ட குத்தில் மூட்டை சங்கிலியோடு போய்ச் சுவரில் மோதியது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. ‘என்ன ஒரு மன உறுதி!’ என்று நினைத்துக்கொண்டு தலையைத் தட்டிவிட்டேன்.

மேடம் அந்த வாரம் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார். தொலைபேசியில் சொன்னேன்.

“வெயிட் குறைஞ்சிருக்காப்பா?”

“இல்லை மேடம். வருடக்கணக்காக அப்படியேதான் இருக்கிறது.”

“பீரியட்ஸ்?”

“கேட்டேன் மேடம். ஒழுங்காக வருகிறதாம்.” இதைக் கேட்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது வேறு கதை.

“எங்கேயோ இடிக்கறதே. இன்னொரு தரம் கேட்டுண்டு வா.”

இன்னொரு தரம் போய், “எதுவுமே சாப்பிடவில்லையா?” என்று கேட்டுக்கொண்டு வந்தேன். எண்ணும் ஆளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது முதலில் எண்ணைச் சந்தேகப்படுங்கள். நான் அமுலுவின் உடம்பைச் சந்தேகப்பட்டேன். நான் அனுப்பிய குறிப்பைப் பார்த்த விளையாட்டு மருத்துவர் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். பயிற்சியை நிறுத்தச் சொன்னார். பரிசோதனைகள் முடியும்வரை தேர்வுக்கான தகுதிச் சான்றிதழ் தர முடியாது என்றார். சான்றிதழ் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை களத்தில் கால் வைக்க முடியாது.

அமுலு அழுதுகொண்டே அம்மாவின் கடைக்குப் போனாள். பக்கத்துக் கடைக்காரி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அவ்வளவுதான். காலையில் கடலுக்குப் போன படகு கரை சேர்வதற்குள், கன்னியம்மா பெற்ற பெண்ணுக்குச் சோறு போடுவதில்லை என்ற செய்தி கரை முழுக்கச் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம், ஊரிலிருந்து திரும்பிய மேடத்திடம் நான் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தேன். அடையாறில் உள்ள நம் துறையின் அறைக்கு ஒரு நீளமான வராந்தா உண்டு, உங்களுக்குத் தெரியும். அதன் மறுகோடியிலிருந்தே குரல் வந்துவிட்டது.

“எவன்டா அவன்? என் பொண்ணு பட்டினின்னு எய்துனவன் எவன்?”

கதவைத் திறந்துகொண்டு கன்னியம்மா வந்தார். கையில் ஒரு பெரிய தூக்குவாளி. பின்னால் அமுலு. அவளுக்குப் பின்னால், யாரையாவது பிடித்து இழுக்க வேண்டியிருக்கும் என்ற தயாரிப்போடு கரீம் பாய்.

மேடம் எழுந்தார். “வாங்கோம்மா, முதல்ல உக்காருங்கோ. தண்ணி குடிக்கறேளா?”

“தண்ணிலாம் வோணாம்மா. பட்டினப்பாக்கத்துலேர்ந்து தண்ணிகூட இல்லாம வந்துச்சுன்னு அத்தயும் இவன் எய்திக்குவான்.” என் பக்கம் திரும்பினார். “நீதானா? நேத்திலேர்ந்து கடையாண்ட வர்றவ போறவள்லாம் மீனு வெலய கேக்க மாட்றா. ‘இன்னா கன்னிம்மா, பொண்ணுக்கு சோறு போட மாட்றியாமே’ன்றா. முப்பது வருசமா ஊருக்கே மீனு போட்றவடா நான்!”

“அம்மா, தங்கள் மகள் கூறியதையே நான் பதிவு செய்தேன்.”

கன்னியம்மா பாயைப் பார்த்தார். “இன்னா சொல்றான் பாய் இவன்?”

“உன் பொண்ணுதான் சொல்லுச்சாம்” என்று பாய் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார்.

அமுலு குதித்தாள். “பட்டினின்னு நான் எப்ப சார் சொன்னேன்?”

“காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நீங்கள்தானே சொன்னீங்க?”

“ஆமா, சாப்பிடல.”

“இரவும் சாப்பிடவில்லை என்றீங்க.”

“ஆமா, சாப்பிடலதான்.”

“அப்படியென்றால்?”

“அப்டின்னா இன்னா?”

“அப்படியென்றால் பட்டினிதானே!”

“ஐயே! நான் எதுக்கு சார் பட்டினி கெடக்கணும்?”

மேடம் டென்னிஸ் பார்ப்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வியர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தார். பொழுதன்றைக்கும் மீன் கண்ணைப் பார்த்தே வாடியதா இல்லையா என்று சொல்கிறவர். குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“மூஞ்சிலாம் வாடி கீதே. நீ சாப்ட்டியா நைனா?”

“இல்லம்மா. இன்னும் சாப்பிடல.”

“சாப்பிடலையா?” என்றார் மேடம். “காலைல கான்டீன்ல பார்த்தேனே. பொங்கல், வடை, அதுக்கு மேல ஒரு பூரி செட்டு...”

“அது டிபன் மேடம்.”

“பதினோரு மணிக்கு சமோசா?”

“அது சும்மா டீயோட மேடம்.”

“என் மேஜைலேர்ந்து ஒரு பிஸ்கட் பாக்கெட் முழுசா எடுத்துண்டு போனியே?”

“அது பிஸ்கட் மேடம். இன்னும் சாப்பிடல...”

சொல்லி முடிப்பதற்குள் என் குரல் எனக்கே கேட்டது.

“அத்தான் சார் நானும் சொன்னேன்!” என்றாள் அமுலு.

சோறு மட்டும்தான் சாப்பாடு. இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினால் அது சாப்பாடு. மற்றதெல்லாம் சாப்பாடு ஆகாது. இது தமிழ் பேசும் யாருக்கும் தெரியும். பந்தி பரிமாறுகிறவர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? பேனாவைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது. மற்றதெல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பதற்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு. சோறோ பன்னோ பஜ்ஜியோ, வாய்க்குள் போகிற எதுவும் அதற்குள் அடங்கிவிடும். அது, நான் முதலில் விரட்டிய சொல்.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அந்த நேர்காணல் அறையின் மூலைச் சிரிப்பு காதில் விழுந்தது. விழட்டும் என்று கேட்டேன்.

“அமுலு. இன்னா துன்னே?”

அவள் முகம் மலர்ந்தது. “அப்டி கேளு சார்!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டெய்லி துன்றது சொல்றேன். கண்ணு முயிச்சதும் டீ, அதுல முக்க ரெண்டு பொறை. பிராக்டீஸ் முட்ச்சுகினு நாஷ்டா. அஞ்சு இட்லி, வடகறி. பசிச்சா ஒரு தோசை, பசிக்காட்டி வோணாம். அப்பால நாலு முட்டை, ரெண்டு வாயப்பயம். பத்து பதினோரு மணிக்கு அம்மா கடையாண்ட போனா நெத்திலி வறுத்து வெச்சிருக்கும். அத்த கொரிச்சிகினே குந்தியிருப்பேன்...”

“சுறா புட்ட வுட்டியேடி” என்றார் கன்னியம்மா. ஒவ்வொரு பண்டத்துக்கும் அவர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

“ஆங், சுறா புட்டு. அப்பால மதியானம் சாப்பாடு, அதான் சொல்லிட்டேனே. சாய்ந்தரம் பீச்சாண்ட சுண்டலு, மொளகா பஜ்ஜி. நைட்டு சாப்பாடு கெடியாது. நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆப்பாயில். அவ்ளோதான் சார்.”

மேடத்தின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பட்டினியா! இவ சாப்பிடறதுல பாதிகூட நம்ம டிபார்ட்மெண்ட்ல யாரும் சாப்பிடலைப்பா.” உடனே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் மருத்துவர் சிரித்தது எங்களுக்கே கேட்டது. மாலையில் அமுலுவை நேரில் ஒரு முறை பார்த்துவிட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கரீம் பாயின் முகம் இருண்டுகிடந்தது.

“நாலு பரோட்டாவா?” என்றார் மெதுவாக. “நைட்டு சாப்பிட மாட்டேன் பாய், சாப்பிட மாட்டேன் பாய்னு சொல்லிகினு நாலு பரோட்டாவா துன்னே?”

“ஐயோ சார், இப்டி கேட்டு மாட்டி வுட்டுட்டீங்களே!” என்றாள் அமுலு என்னிடம்.

பாய் அறையின் மூலையில் இருந்த எடைக் கருவியைக் காட்டினார். “ஏறு.”

ஏறினாள். ஐம்பத்துநான்குக்கு மேல் முக்கால் கிலோ.

“போன வாரம் கரெக்டா இருந்தியேடி!”

“போன வாரம் பிராக்டீஸ் இருந்துச்சு. சார்தான் நிறுத்திட்டாரே. வூட்ல குந்திகினு இன்னா பண்றது? துன்னேன்.”

“பட்டினின்னு ஊரே பேசுது, நான் சும்மா வுடுவனா?” என்றார் கன்னியம்மா. “காலைலேர்ந்து ஊட்டிகினே கீறேன்.” தூக்குவாளியை மேசைமேல் வைத்துத் திறந்தார். எனக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்த சாட்சி அது. வஞ்சிர வறுவல் வாசனை கேள்வித்தாள்களின் மேல் பரவியது.

ஆக, பட்டினி என்று எழுதி ஒருத்தியின் எடையைக் கூட்டியவன் இந்தத் துறை வரலாற்றில் நான் ஒருவன்தான்.

தேர்வன்று காலை எடை பார்ப்பார்கள். இம்மி கூடினாலும் வெளியே. பாய் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். “ரெயின்கோட்ட மாட்டி மணல்ல ஓட வுடறேன். ரெண்டு நாளு தண்ணி கெடியாது. எச்சில துப்பிகினே இருந்தா எறங்கிடும்.”

“வேண்டாம் பாய்” என்றேன். “தண்ணீரை நிறுத்தினால் எடை இறங்கும், ஆளும் இறங்கிவிடுவாள். மதியம் சண்டையில் தலை சுற்றும்.”

“தம்பி, போன தபா நீ சொன்னது இது பட்டினியால சாவப்போவுதுன்னு. இப்ப வெயிட்டு ஜாஸ்தின்ற. உன் பேச்ச நம்பி இந்தப் பொண்ணு வாய்க்கைல வெளயாட சொல்றியா?”

கேள்வியில் நியாயம் இருந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சொல்லுப்பா. உன் கேஸ்தானே?” என்றார். அந்தப் பார்வை உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும். அப்போது புத்தகத்தைத் தேடினால் அது வீட்டில் இருக்கும்.

பாடம் தெரிந்ததுதான். குடலில் கனமாகத் தங்குகிற நார்ப்பொருளை இரண்டு நாள் விலக்க வேண்டும். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிற உப்பைக் குறைக்க வேண்டும். சோறு, முட்டை, உப்புக் குறைத்த மீன் போதும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். முக்கால் கிலோ அதிலேயே இறங்கும். இதை இஸ்திரித் தமிழில் விளக்க ஆரம்பித்தேன். ‘நார்ச்சத்து’ என்றதும் கன்னியம்மா வாளியை மூடினார். ‘சோடியம்’ என்றதும் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். அமுலு மட்டும் பாவம், புரிந்தமாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. அதே தலையாட்டல்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

“அமுலு. ஞாயித்துக்கெயம காலை வரைக்கும் சாப்புடு. துன்னாத.”

ஒரு நொடி யோசித்தாள். “சோறு ஓகே?”

“ஓகே.”

“நெத்திலி?”

“துன்றது.”

“சுண்டலு, பரோட்டா?”

“துன்றது.”

“முட்டை?”

“சோத்தோட வந்தா சாப்பாடு. தனியா வந்தா துன்றது.”

“கருவாடு சோத்தோட வந்தா?” என்று குறுக்கே வந்தார் கன்னியம்மா.

“கருவாடு எப்டி வந்தாலும் கெடியாதும்மா. உப்பு.”

“புரிஞ்சுது பாய்” என்றாள் அமுலு. “மூணு வேளையும் கொஞ்சமா சாப்புடணும். நடுவுல வாய மூடிகினு இருக்கணும். ரெயின்கோட்டுலாம் வோணாம்.”

“இப்பதான் தம்பி நீ மனுசன் மாதிரி பேசற” என்று சொல்லிவிட்டுப் பாய் எழுந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு எல்லா வாசலுக்கும் போய்விடாதீர்கள். பிற்பாடு மயிலாப்பூரில் மாரத்தான் ஓடும் ஒரு மாமாவைப் பார்க்கப் போனேன்; அவரிடம் ‘இன்னா துன்னே’ என்று கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். அவர், “சனிக்கிழமை ராத்திரி ஆத்துல சாப்பாடு கிடையாதுப்பா, விரதம். பலகாரம்தான்” என்றார். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நான், விரதம் என்று எழுதிவிட்டு அனுதாபத்தோடு எழுந்து வந்திருப்பேன். பிந்தைய நான், “பலகாரம்னா எத்தனை மாமா?” என்றேன். “ஏழு தோசை. எட்டாவது போட்டா வேண்டாம்னுடுவேன்.” ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சொல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு பேனாவைத் திறங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேர்வு நடக்கும் மைதானம். பெண்களுக்கு எடை பார்க்கும் அறைக்குள் ஆண்கள் போக முடியாது. கரீம் பாயும் நானும் வெளியே சுவரோரம் நின்றோம். பாயின் கையில் அந்த ரெயின்கோட் மடித்து இருந்தது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “சும்மா, மழை வந்தா” என்றார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கன்னியம்மா தரையில் உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

உள்ளே போன பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஒருத்தி துள்ளிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி அழுதுகொண்டே வந்து, எடையைக் குறைக்க மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினாள். பாய் ரெயின்கோட்டை இறுக்கிப் பிடித்தார். எனக்கு அந்த முக்கால் கிலோ முழுவதும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

கதவு திறந்தது. அமுலு வந்தாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நேராக என் எதிரே வந்து நின்றாள்.

“இன்னாடி ஆச்சு?” என்றார் பாய்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“சார், இப்ப துன்லாமா?”

பாய் ரெயின்கோட்டை மேலே எறிந்தார். அது ஒரு ஜன்னல் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. கன்னியம்மா வாளியைத் திறந்துவிட்டார். உள்ளே இட்லிகள் இருந்தன. ஒரு ஓரத்தில், எனக்குத் தெரியாது என்று நினைத்து, வாழை இலையில் சுருட்டிய நெத்திலி.

“துன்னு” என்றேன். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன்.

மதியச் சண்டைகளைப் பற்றிக் கரீம் பாயிடமே கேளுங்கள். ஒவ்வொரு குத்தையும் உங்கள் மேலேயே போட்டுக் காட்டுவார், ஆகவே ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். தேனாம்பேட்டைக் கூடத்தில், படியேறியதும் இடதுபக்கச் சுவரில், மாநில அணியின் படம் மாட்டியிருக்கிறது. எல்லாப் பெண்களும் வாயை மூடிக் கம்பீரமாக நிற்பார்கள். இரண்டாவது வரிசையில் ஒருத்திக்கு மட்டும் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கும். பல் வலியா என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். அதுதான் அமுலு.